முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
பகலெல்லாம் பட்டியல் எழுதுகிறேன்.
ஈரப்பதம் பதினேழு, எடுத்துக்கொள்.
இருபத்தொன்று, திருப்பிக் காயவை.
ராத்திரி பத்தரைக்கு மேல்
நான் ஓர் ஆற்றுக்குச் சொந்தக்காரன்.

விளையாட்டு இவ்வளவுதான்:
மேட்டூர் திறந்து பன்னிரண்டாம் நாள்.
லஸ்கர் மாசிலாமணி சைக்கிளில் போய்
மதகு மதகாகத் திறக்க வேண்டும்.
தலைமடைக்காரர் சண்டைக்கு வருவார்,
கடைமடைக்காரர் போன் மேல் போன் அடிப்பார்.
கடைசி வயலைத் தண்ணீர் தொட்டால் ஜெயம்.

படம் வரைய எனக்கு வராது.
நான் போட்ட மாடு
நனைந்த தலையணை மாதிரி நின்றது.
முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு
'அழகிய கிராமம்' என்றொரு தொகுப்பு வாங்கினேன்.
ஆயிரத்து இருநூறு படங்கள்.
வீடுகள் புகைபோக்கியோடு வந்தன.
மரமெல்லாம் ஊசியிலை.
பருவம் நாலு, அதில் ஒன்று பனி.
நெல் இல்லை, கோதுமை இருந்தது;
பச்சையைக் கொஞ்சம் ஏற்றி
நெல் என்று பெயர் வைத்தேன்.
தண்ணீர் நீலம்.
அப்படியொரு நீலத்தை வெண்ணாற்றில்
யாரோ படித்துறையில் மறந்துபோன
சோப்பு டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன்.

கூத்தாநல்லூர் ஹசீனாவிடம் விலை கேட்டேன்.
கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவள்,
புள்ளி புள்ளியாய் வைத்தும் வரைவாள்.
ஒரு கட்டம் நூற்றைம்பது.
"நடக்க எட்டு, சைக்கிள் மிதிக்க ஆறு.
நாலு திசைக்கும்னா பெருக்கிக்குங்க."
பெருக்கினேன்.
எட்டாயிரத்து நானூறு.
சீசன் முடிந்தால் எனக்குச் சம்பளம் கிடையாது.
"கையில எவ்வளவு இருக்கு?"
"அறுநூறு."
"அப்ப நாலு கட்டம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அந்த வாரம் எங்கோ எவரோ செய்த
இலவச விளையாட்டு ஒன்றை இறக்கினேன்.
துறைமுகத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்
என் மாசிலாமணி.
அதே தொப்பி, அதே ஒட்டுப்போட்ட கால்சட்டை,
இடதுகால் வைக்கையில் வரும் அதே சிறு தடுமாற்றம்.
கோபம் வரவில்லை.
பகலில் நம்மிடம் மூட்டை தூக்குகிறவரை
மன்னார்குடி மண்டபத்தில்
சாம்பார் வாளியோடு பார்த்தது போலிருந்தது.
ஒரு மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"தண்ணீர்" என்றேன் ஹசீனாவிடம்.
"எந்தத் தண்ணி?"
"முதல் தண்ணீர்."
அவள் வேறெதுவும் கேட்கவில்லை.
ஒன்பது நாள் கழித்து வந்தது:
பால் குறைந்த டீயின் நிறம்,
ஓரத்தில் அழுக்கு நுரை, வைக்கோல்,
மூன்றாவது கட்டத்தில்
ஒற்றை ரப்பர் செருப்பு.
"செருப்புக்குக் காசு வேண்டாம்."

ஓடவிட்டேன்.
அவ்வளவுதான், ஊர் கலைந்தது.
நெல் மறுபடி கோதுமையானது.
புகைபோக்கிகள் தலைகுனிந்தன.
அதுவரை ஒன்றையொன்று நம்பிக்கொண்டிருந்த
ஆயிரத்து இருநூறு பொய்களின் நடுவே
நாலு கட்டம் மட்டும் ஈரமாக இருந்தது.

மூன்று ராத்திரி உட்கார்ந்து
எல்லாப் படத்துக்கும் அந்தத் தண்ணீரில் தொட்ட நிறத்தைப் பூசினேன்.
பனியை அழித்தேன். புகைபோக்கிகளை வெட்டினேன்.
ஓர் ஊசியிலை மரத்தை மட்டும் எடுக்க முடியவில்லை.
எடுத்தால் மூன்றாம் மதகு திறக்க மறுக்கிறது,
ஏனென்று எனக்கும் புரியவில்லை.
ஆகவே மரத்தைத் தொட்டால்
மாசிலாமணி சொல்வார்:
"யார் வச்சதுன்னு தெரியல.
நெழல் இருக்கு, இருக்கட்டும்."

எடைபோடும் வீரசேகரன்
சாப்பாட்டு நேரத்தில் என் போனில் ஆடினான்.
மரத்தை அவன் பார்க்கவே இல்லை.
கால்சட்டை போட்ட லஸ்கரையும் ஒன்றும் கேட்கவில்லை.
மதகைத் திறந்துவிட்டு ஆற்றையே பார்த்திருந்தான்.
செருப்பு வந்தது, போனது,
வந்தது, போனது.

"அதைக் குனிஞ்சு எடுக்க முடியுமாண்ணே?"

எடுக்கக் குனிய வேண்டும்.
குனிய இன்னொரு கட்டம்.
நூற்றைம்பது.