கூடும்

வண்ணார்பேட்டை அலுவலகத்துக்கு
இரவு பத்தே முக்காலுக்கு வந்தது அந்தச் செய்தி.
எங்கோ அட்லாண்டிக்கில் ஒரு பெரிய நீரோட்டம்
தளரக்கூடும்.
நின்றே போகவும் கூடும்,
இந்த நூற்றாண்டின் நடுவிலோ முடிவிலோ.
நிற்காமலும் இருக்கலாம்.
நின்றால் நம் பக்கத்து மழை
குறையலாம், இடம் மாறலாம்,
ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை.
நானூறு சொல்லில்
பதினொரு கூடும், ஆறு லாம்.
மொழிபெயர்க்கிறவளுக்கு
அங்கேதான் கை நிற்கும்.

பூதலிங்கம் சார்
நாற்காலியோடு உருண்டு வந்தார்.
மூன்று பத்தித் தலைப்பு, பதினான்கு எழுத்து.
நிற்கக்கூடும் கடல் நீரோட்டம்:
பதினைந்து.
"கூடும்னு போட்டா
எவன்மா காசு குடுத்து வாங்குவான்?"
ஷமீலா பானு திரையில் ஒரு சொல்லைத் திருத்தினாள்.
நிற்கிறது கடல் நீரோட்டம்
என்று கச்சிதமாய் உட்கார்ந்தது.
ஓர் எழுத்துக்கு இடம் மிச்சம்,
ஆச்சரியக்குறி போட்டோம்.

நான் தடுத்திருக்கலாம்.

அதே பக்கத்தின் அடியில்
வானிலைப் பெட்டி.
ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்.
அந்தக் கூடுமை இதுவரை யாரும் வெட்டியதில்லை.
அதை வாசித்துவிட்டுப் பாளையங்கோட்டையில்
குடை எடுக்கிறவர்கள் எடுக்கிறார்கள்,
வடகம் காயப்போடுகிறவர்கள் போடுகிறார்கள்,
நனைந்தாலும்
ஆசிரியருக்குக் கடிதம் வருவதில்லை.

காலை ஏழுக்கு உவரியிலிருந்து தனிஸ்லாஸ்,
எங்கள் பகுதிநேர நிருபர்,
மீதி நேரம் ஐஸ் கம்பெனியில் கணக்கு.
"மேடம், ஏலம் போடுத எடத்துல வச்சு சிரிக்காவ.
நேத்து நீவாடு இழுத்த இழுப்புல
மூணு பேரு வலையக் காணல.
எந்த நீரோட்டம் நின்னுச்சுன்னு
உங்க பேப்பர்ல கேட்டுச் சொல்லுங்காவ."
அது வேற நீரோட்டம், என்றேன்.
அதுவும் நிற்கவில்லை.
நிற்காது என்றும் இல்லை.
"அப்ப என்னத்ததான் போட்டிய?"

திருத்தம் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன்.
ஏழாம் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம் வந்தது.
மறுநாளும் வந்தது. ஆடித் தள்ளுபடி.

நாலாம் நாள் கூட்டப்பனையிலிருந்து ஒரு குரல்.
ரெஜீஸ்மேரி என்று பேர் சொன்னார்.
வீட்டுக்கும் கடலுக்கும் முப்பது எட்டு,
போன வருசம் நாப்பது.
"சீட்டு எடுத்திருக்கேன்,
ஓலைய மாத்தி ஓடு போடணும்.
கடலு மாறுதுன்னு எழுதியிருக்கிய.
போடலாமா?"

அவர் கேட்ட லாம் அனுமதி.
என்னிடம் இருந்த லாம் வேறு.
மேசைக்கு அடியில் கிடந்த மூலத்தை எடுத்து
முழுதும் வாசித்துக் காட்டினேன்,
ஒரு கூடும் விடாமல்.
அவர் குறுக்கே பேசவில்லை.
நடுவில் தண்ணி லாரி வந்திருக்கிறதென்று
யாரோ கூப்பிட்டார்கள்,
"நீ போயி குடத்த வையி" என்று சொல்லிவிட்டு
மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

முடித்ததும் கொஞ்ச நேரம்
அலைச் சத்தம் மட்டும்.

"அப்ப ஓடு வேண்டாம்.
தகரம் போட்டுக்கிடுதேன்.
ஒண்ணும் ஆவலன்னா கெடக்கட்டும்.
ஆச்சுன்னா
கழத்தி எடுத்துட்டுப் போயிரலாம்லா."