நான்காம் பொருள்

கிராஸ்மோர் பள்ளிக்கூட மண்டபம்.
பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலிகளில்
முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்திருக்கிறது வார்டு.
தேநீர்ப் பாத்திரம் கொதித்து அடங்கிவிட்டது.
நான் மாநகராட்சியின் குறிப்பெழுத்தர்,
மேடைக்குக் கீழே, தனி மேசையில்.
பேச அனுமதியில்லை.
அதற்குத்தான் சம்பளம்.

நான்காம் பொருள் தெருவிளக்கு.
ஆறாம் பொருள் காவல்துறை.
நடுவே நீச்சல்குளச் சீரமைப்பு,
யாரோ யோசித்துக் கட்டிய மதில்போல.

நீலாவதி ரெங்கன் எழுந்தார்.
கையில் மருத்துவமனை உறை.
அதைத் திறக்கவில்லை.
"எழுநூற்றுப் பதினாறாம் சாலையில்
பதினான்கு மாதமாக விளக்கில்லை."
தட்டச்சு செய்தேன்.
"ஒன்பதாவது கம்பத்தடியில்
என் மகனை ஏற்றிக்கொண்டு போனது ஒரு போலீஸ் வண்டி.
விடிகாலையில் பெட்ரோல் நிலையத்துப் பின்சுவரருகே
தோள் எலும்பு முறிந்து கிடந்தான்."

விரல்கள் நின்றன.

"அம்மா, அது ஆறாம் பொருள்,"
கவுன்சிலர் கனிவாகவே சொன்னார்.
கெட்டவரில்லை.
என் அண்ணன் கல்யாணத்தில்
சட்டைக் கையை மடித்துக்கொண்டு பந்தி பரிமாறியவர்.
"சரி, எந்த வண்டி?
மெட்ரோ போலீஸ் என்றால் நாங்கள் கேட்கலாம்.
தேசியப் போலீஸ் என்றால் மனு பிரிட்டோரியா போகவேண்டும்."

"இருட்டாயிருந்தது."

"வண்டி எண்?"

"இருட்டாயிருந்தது ஐயா.
விளக்கு எரிந்திருந்தால்
ஆறாம் பொருள் வரும்வரை
பேசாமல் உட்கார்ந்திருப்பேனே."

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு, யாரும் கூப்பிடாமலே,
மேட்டுத் தகரவீடுகளின் நொன்டொபெக்கோ சோண்டி எழுந்தார்.
சுலுவில் சொன்னார்:
எங்கள் பக்கம் விளக்கு அணைந்துபோகவில்லை,
கம்பமே நட்டதில்லை.
அன்றிரவு இவர் மகனோடு என் மகனும் நடந்து வந்தான்.
ஓடித் தப்பியவன்
இன்னும் செருப்பைக் கழற்றாமல் தூங்குகிறான்.
பின்வரிசையில் ஒருவர் மொழிபெயர்த்து முடிக்குமுன்
யெபோ, யெபோ என்றது பாதி மண்டபம்.
நிகழ்ச்சி நிரலில் அவர்கள் வீடுகளுக்கு
எந்த எண்ணும் இல்லை.

என் படிவத்தில் ஒரே சொல்தான் உண்டு.
ஆங்கிலத்தில் குட்டையானது.
எனக்குள் அது எப்போதும் தமிழில் நீள்கிறது:
குறித்துக்கொள்ளப்பட்டது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
எனக்குப் பிடிபடாத பாடம் செயப்பாட்டு வினை.
இங்கே, இந்த மேசையில்தான் புரிந்தது.
செய்தவன் வாக்கியத்தை விட்டு
இறங்கிப் போய்விடலாம்,
விளக்கில்லாத இடமாகப் பார்த்து.
அடிக்கப்பட்டான். தள்ளப்பட்டான். விசாரிக்கப்படும்.
பட்டவன் மட்டும் உள்ளே கிடப்பான்.

அன்றிரவு சுத்தப்பிரதியில்
நான்காம் பொருளின் கீழேயே எழுதினேன்:
நகரம் விளக்கைப் போடவில்லை.
போலீஸ் ஒரு பையனை ஏற்றிச் சென்றது.
அவன் தோளை உடைத்தது.
மூன்று வாக்கியம்.
கை வியர்த்தது. அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மேலதிகாரியிடமிருந்து திரும்பி வந்தது.
மூன்றையும் அடித்துவிட்டு
பக்கத்தில் அந்தச் சொல்.
கோபமில்லை, ஒரு புன்னகைப் பொம்மைகூடப் போட்டிருந்தார்.

மறுவாரம் ஏணி வண்டி வந்தது.
ஒன்பதாவது கம்பத்தில் மட்டும் விளக்குப் போட்டார்கள்.
எட்டும் பத்தும் அப்படியே.
வேலை முடிந்து பேருந்திறங்கி வரும்போது பார்த்தேன்:
ஒரு கை தொட்டிலில் தொங்க,
நீலாவதியின் மகன்
அந்த வெளிச்ச வட்டத்தை மிதிக்காமல்
எதிர்ப்பக்கம் கடந்து சுற்றிக்கொண்டு போனான்.

அடுத்த மாதக் கூட்டம்.
இரண்டாம் பொருள்:
சென்ற கூட்டக் குறிப்பை உறுதிசெய்தல்.
ஒரு நிமிட வேலை.
ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார்.
"திருத்தம் ஏதும் உண்டா?"
வழக்கம்போலத் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார் கவுன்சிலர்.

நாற்காலி ஒன்று தரையைக் கீறியது.
மேட்டுப் பக்கம் இன்னொன்று.

"உண்டு" என்றார் நீலாவதி,
உறையைத் திறந்துகொண்டே.