கம்பி எண் ஏழு

சலாசியில் மழை பெய்வதில்லை.
கொட்டுகிறார்கள்,
லாரியைத் தூக்கி ஜல்லி கொட்டுவதுபோல.

அதை எண்ணுவதற்கு எனக்குச் சம்பளம்.
மழைமானிக்குள் விரல் நீளத்தில் ஓர் ஏற்றப்பலகை,
இரு முனையிலும் கரண்டி.
நிரம்பியது கவிழும்போது ஒரு சொடுக்கு.
ஐந்து சொடுக்கு ஒரு மில்லிமீட்டர்.
புயல் கரையேறிய மூன்று இரவும்
பலகை ஓயவில்லை, நானும்.

அப்புறம் கம்பிகள்.
விரிசலுக்கு இப்பால் ஒரு முளை, அப்பால் ஒரு முளை,
நடுவே வெயிலுக்கு நீளாத கம்பி.
மொத்தம் பதினொன்று. பத்தும் சமர்த்து.
ஏழாவது
ஒக்தாவ் விராப்பின் வீட்டுச் சௌசௌ பந்தலுக்கு அடியில்.

ஒரு ஞாயிறு அது திடீரென்று ஒன்பது மில்லி துள்ளியது.
ஜீப்பை விரட்டிக்கொண்டு மேலே போனால்
கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது
அவருடைய நீலச் சட்டை.
அன்றைய பதிவேட்டில் இன்றும் இருக்கிறது
என் கையெழுத்தில் ஒரே சொல்: சட்டை.

போன வருஷம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தேன்.
நாற்பத்தொரு குடும்பம், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம், இரண்டு இரவு.
மலை அசையவில்லை.
திரும்பிப் போனபோது
ஒரு ஜெனரேட்டரும் பதினாறு கோழியும் காணோம்.
ரொட்டிக் கடையில் எனக்கு வழிவிட்டு
எல்லோரும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

எழுநூறு மில்லி தாண்டினால் ஆரஞ்சு:
அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்,
முன்பு விழுந்த பதினான்கு சரிவுகளைக் கேட்டு.
விழாமல் நின்ற சரிவுகள்
எனக்கு எதையும் சொன்னதில்லை.

இம்முறை ஆயிரத்து நூற்று நாற்பது.
பிறகு நின்றுவிட்டது.
துடைத்துவைத்த தட்டுப்போல வானம்,
அருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளை.
கூடத்தில் பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மேலே நின்ற மழை
உள்ளே இப்போதுதான் நடக்கிறது,
சாம்பல் மண்ணுக்குள், வேர் முடியும் இடத்துக்கும் கீழே,
அவசரமில்லாமல்.
ஏழாம் கம்பி: நாளுக்கு இரண்டு. ஐந்து. பதினொன்று.
ஒன்றை வேகத்தால் வகுத்துப் புள்ளி வைத்தால்
கோடு இறங்கிக்கொண்டே வரும்;
அது அடியைத் தொடும் இடம்தான் நேரம்.
தொட்டது: வியாழன் பின்னிரவு.
என் பென்சில் முனையின் தடிமன் மட்டும்
ஆறு மணி நேரம்.

ஒக்தாவ் போன் செய்தார்.
வெயில் அடிக்குது, துணி காயப்போடணும், வரவா?
வேண்டாம்.
ஏழு எவ்வளவு?
நாற்பது.
சற்று நேரம் அவர் மூச்சு மட்டும்.
சட்டை எதுவும் தொங்கலையே?
இல்லை.
சரி, என்றார்.

கிரியோல் பேச்சுக்கு நடுவே அந்த ஒரு சொல் மட்டும் தமிழில்.
சாந்தாந்த்ரேயில் சனிக்கிழமை வகுப்பில்
நாங்கள் இருவரும் கடைசி வரிசை.
வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன்.
சரி: ஆம்.
சரி: பிழையில்லை.
சரி: சாய்ந்து விழு.

வியாழன் இரவு ஒன்றும் ஆகவில்லை.
வெள்ளி காலை கூடத்து வாசலில்
மேயரின் ஆள் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டான்.
இரண்டே காலுக்கு, நான் காப்பிக்குச் சர்க்கரை தேடிய நேரம்,
திரையில் ஏழாம் எண்ணுக்கு எதிரே
எண்ணுக்குப் பதில் ஒரு கோடு.

பந்தல் போனது. பாதிச் சமையலறை போனது.
மீதிப் பாதியில் கெட்டில் அடுப்பின் மேலேயே இருக்கிறதாம்;
தொலைநோக்கியில் பார்த்துவிட்டு
அதைப் பற்றி மட்டுமே பேசினார் ஒக்தாவ்.

பத்துக் கம்பிகள் இன்னும் அனுப்புகின்றன.
இன்று மாலை, ஒரு துளி மேகமில்லாத வானத்தில்,
மழைமானி ஒரு தரம் சொடுக்கியது.
பல்லியாக இருக்கும்.
பல்லி சொன்னால் பலன் பார்க்கிறவள் இல்லை நான்.
எழுதிவைத்தேன்:
0.2.