முச்சந்திப் பள்ளம்

சங்காட் ஜோங் ஆலையில் இரவு எடைமேடைக் கிராணி நான்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும், எண் ஆடி நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அடுத்த லோரி வரும்வரை
பழைய சீட்டுகளின் முதுகில் என் ஆய்வேடு.

"என்னம்மா கிறுக்குறே?"
தே ஓ பொட்டலத்தை உறிஞ்சியபடி ஆரோக்கியம்.

மடக்கைத் திசையன் புலம் என்றால்
லோரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.
"காற்று" என்றேன்.
"வேலியைத் தாண்டாத காற்று.
வேலிமேல் வந்துட்டா வேலியோடதான் ஓடணும்."

"மூணு வேலி ஒண்ணா முட்டுற இடத்துல?"

ஐந்து வருடமாய் என் கேள்வி அது.
ஒன்றோடு ஓடினால் மற்ற இரண்டையும்
வெட்டிக்கொண்டு போக வேண்டும்.
அதனால் அங்கே காற்று எதுவும் செய்வதில்லை.
சுழியம்.

"நம்ம முச்சந்தி!" சிரிப்பில் தே ஓ சிந்தியது.

மூன்று டிவிஷன் மண்சாலையும் முட்டும் இடத்தில் ஒரு பள்ளம்,
மழை பெய்தால் மோட்டார் சக்கரம் பாதி முங்கும்.
முதல் டிவிஷன் இரண்டைக் காட்டும்,
இரண்டு மூன்றைக் காட்டும்,
மூன்று, கடிதம் எழுதும்.
எல்லை பிசகாமல் நடப்பவர் எவருக்கும்
அங்கே வேலையில்லை.
(இப்படிப்பட்ட அமைப்புக்குக் கணிதத்தில் 'விடுதலை' என்று பெயர்.
அவரிடம் சொல்ல வெட்கமாயிருந்தது.)

"ஒரு ரோட்டை ஒரு முழம் தள்ளிப் போட்டா?"

வரைந்தேன். ஒற்றைப் புள்ளி பிரிந்து
மூன்று சந்திகள், நடுவே ஒரு முக்கோணத் துண்டு.
நான்கு.
தள்ளுவதற்கு முன்பே அந்த நான்கும்
அதற்குள் மடங்கித்தான் கிடந்தன.

எல்லாப் புள்ளியும் இப்படிக் காட்டிக்கொடுக்காது, ஆரோக்கியம்.
சிலது பார்க்க வெறும் பொட்டு.
கலப்பெண் வெளிக்குப் போனால்தான் தெரியும்
இரண்டு கோடுகள் அங்கே வெட்டிக்கொள்வது.

"அப்ப, கண்ணுக்குத் தெரியாத ரோட்டுலயும்
பள்ளம் இருக்குங்கிறே."
சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
அது நிறுத்தச் சீட்டு, நகல் கிடையாது,
காலையில் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாசியில் மூன்றாம் டிவிஷன்
கன்று மாற்றி நட, தன் சாலையைத் தள்ளிப் போட்டது.
இப்போது பள்ளம் மூன்று, கொஞ்சம் சின்னது.
நடுத்துண்டில் யாரோ
மரவள்ளிக் குச்சி ஊன்றியிருக்கிறார்கள்.
மூன்று மானேஜர்களுக்கும் தெரியவில்லை யாரென்று.

நேற்றிரவு மேடையில் லோரியை ஏற்றிவிட்டு
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
நான்கு விரல் காட்டினார் ஆரோக்கியம்.
எண் நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.