இடது கால் பூட்ஸ்

வார்தோவில் ஜனவரி ஞாயிறு விடிவதில்லை.
பதினொரு மணிக்கும் நீல இருட்டு.
ஆலயத்தில் பதினான்கு பேர், எப்போதும்போல;
கூரையில் தொங்கும் மரக்கப்பலைச் சேர்த்தால் பதினைந்து.

கதவு திறந்தது.
நண்டுத் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட்
உப்பு வாடையோடு அப்படியே வந்து நின்றது.
யுர்கிதா தீர்த்தத் தொட்டியைத் தேடினாள்.
எங்களிடம் இல்லை.
கையுறையில் உருகிய பனியைத் தொட்டுச்
சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஹப்தோம் குனிந்து பூட்ஸைக் கழற்றினான்.
எரித்திரியாவில் அப்படித்தானாம்.
பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள்.
ஒரு காலுறையின் ஓட்டையில்
பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"இங்கே அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லத்தான்
ஒத்வார் எழுந்தார்.
வாய்கூடத் திறந்துவிட்டார்.
எரிந்தும் கருகாத அந்த முட்செடி
நினைவில் குத்தியதோ என்னவோ,
முனகிக்கொண்டே உட்கார்ந்து
தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

எழுபத்திரண்டு வருடம் மிதித்த தரை
இத்தனை குளிரா என்று அன்றுதான் அறிந்தார்.
நார்வே மொழியில் "ஐயோ" என்றார்.
ஒவ்வொரு பெஞ்சாகக் கயிறுகள் அவிழ்ந்தன.

பிறகு காபி. ஊற்றுவது என் வேலை.
கோப்பை போதாமல்
பீடத்துப் பூச்சாடியையும் கழுவினேன்.

திங்கட்கிழமை ஒத்வாரிடமிருந்து போன்.
"வலது கால் என்னுடையது.
இடது கால் யாருடையதோ, கடிக்கிறது.
அடுத்த ஞாயிறு அந்தப் பையன் வருவானா?"

நான் பதில் சொல்வதற்குள்,
"வேண்டாம். வீடு எங்கேயென்று சொல்.
நானே நடந்து போகிறேன்."