மதுமேக நிவாரணம்

பலகை தெலுங்கில் இருந்தது.
எழுத்துக் கூட்டிப் படித்த டில்லிபாபு
தறிச்சத்தத்துக்கு மேல் கத்தினான்:
மதுமேக நிவாரண முகாம்,
செவ்வாய்க்கிழமை, ஏகாம்பரகுப்பம் பள்ளிக்கூடம்.

தெலுங்கில் நிவாரண என்றால் வராமல் காப்பது.
எங்கள் தெருவில்
வெள்ளத்துக்கு அரசாங்கம் கொடுப்பது.
நாற்பத்துமூன்று பேர் வந்துவிட்டார்கள்,
ரேஷன் கார்டு, பாங்கி புத்தகம், ஜெராக்ஸ் இரண்டு.
மது என்ற பாதியை மட்டும் கேட்ட முனிலட்சுமி
அத்தாட்சியாகப் புருஷனையே அழைத்துவந்தாள்.
பணம் இல்லை, ஊசி என்றதும்
வரிசை பின்பக்கமாகக் கலைந்தது.
மீதி நின்றது ஒன்பது பேர்.
அதில் ஐந்து பேருக்குச் சர்க்கரை
எல்லையில் நின்றது, எங்கள் நகரியைப் போல,
இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல்.

திருப்பதியிலிருந்து வரும் ஸ்ரவந்தி மேடம் நல்லவர்.
ஓர் அட்டையைக் கொடுத்து
நீதானே இந்த வார்டு ஆஷா,
தமிழில் மாற்று சுகுணா, போதும் என்றார்.
மாற்றினேன். பப்பு பருப்பானது,
கூர பொரியலானது.
வட்டத் தட்டு மட்டும் வட்டத் தட்டாகவே இருந்தது:
பாதி காய், கால் பருப்பு, கால் சோறு.

இங்கே யார் தட்டில் சாப்பிடுகிறார்கள்?
கேரியரின் மேல் அடுக்கைக் கழற்றி
நின்றபடியே, ஒரு கண் நாடாவில்.
இழை அறுந்தால் கூலி அறும்.
தட்டு என்பது ராத்திரி பதினொன்றுக்கு.
அந்நேரத்துப் பசி
கோடு பார்த்தா உட்காரும்?
தட்டை அடித்துவிட்டு
மூன்றடுக்குக் கேரியர் வரைந்தேன்,
பெரிய அடுக்கில் கீரை, சின்னதில் சோறு.
மேடம் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு
மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தினமும் அரைமணி வேக நடை என்றது அட்டை.
வேதாசலம் சிரித்தார்:
நாலு தறிக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம்
நடக்கிறேனே, அது எந்தக் கணக்கு?
நடக்காதவர்கள் அவர் வீட்டில் இருந்தார்கள்,
விடிந்ததிலிருந்து தார் சுற்றிக்கொண்டு.
ஆனால் வெறுங்கையோடு ஒரு பெண் வேகமாக நடந்தால்
தெருவே கேட்கும், யாரோட சண்டை?
இடுப்பில் குடம் இருந்தால் யாரும் கேட்பதில்லை.
இப்போது ஏழு பேர்
ரயில்பாதை வரை போய் வருகிறோம்
காலிக் குடங்களோடு.
திரும்பும்போதும் காலிதான்.
முனிலட்சுமியின் மாமியார் மட்டும்
ஒருநாள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

டீதான் பெரும்பாடு.
இரண்டு மணிக்கொரு தரம் கொட்டகைக்கு வரும்,
முதலாளி கணக்கில், பாகு மாதிரி.
சர்க்கரை குறை என்று சொல்லலாம்,
கேட்கத்தான் காது இல்லை.
நாற்பது தறி ஓடுமிடத்தில்
வாய் பேசாது, விரல் பேசும்.
இழைக்கு ஒன்று, பாபினுக்கு இரண்டு,
முதலாளி வருகிறார் என்றால் மீசை.
சுகருக்கு விரல் கிடையாது.
டில்லிபாபுதான் கண்டுபிடித்தான்:
டம்ளர் வாங்கும்போது சுண்டுவிரலை மடக்குவது.
டீக்காரக் கோதண்டம் முதல்நாள்
விரலில் அடிபட்டதா என்று கேட்டான்.

மாதக் கடைசியில் படிவம் வந்தது, தெலுங்கில்.
இரண்டாம் கூட்டத்துக்கு வந்தோர் எத்தனை?
மூன்று என்று நிரப்பினேன்.
கொட்டகை ஜன்னலில் நின்று
மடக்கிய விரல் பதினாறு எண்ணியிருந்தேன்,
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் தமிழில் எழுதிவைத்தேன்,
மேடத்துக்குப் படிக்கத் தெரியாது.

வேதாசலத்தின் சுண்டுவிரல்
இன்னும் கொடிக்கம்பம்போல நிற்கிறது.
போன வாரம் அவருக்கு இருநூற்றுப் பத்து.
பக்கத்தில் போய்ச் சொன்னால்
காதைத் தொட்டுக் காட்டுகிறார்,
கேட்கவில்லையாம்.