மாதிரி எண் நாற்பத்தேழு

இரவு பத்தரை. பரேலில் ஐந்தாவது மாடி.
சுழல் இயந்திரத்தின் மூடியை அழுத்திவிட்டுக்
காது வைத்துக் கேட்கிறேன்.
எதிரெதிர்க் குழாய்களின் எடை
மயிரிழை பிசகினாலும் உறுமும்.
ஒருமுறை உறுமியபோது வாட்ச்மேன் மாத்ரே
நிலநடுக்கம் என்று செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

பூமி இழுப்பதைப்போல் ஒரு லட்சம் மடங்கு.
நான்கு டிகிரிக் குளிர். எழுபது நிமிடம்.
முடிவில் குழாயின் அடியில்
இல்லாததுபோல் ஒரு கறை.
எக்சோசோம்.
முன்பே பேனாவால் வட்டமிட்டு வைக்காவிட்டால்
எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

செல் தன் குப்பையைக் கட்டி வீசும் பை
என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.
பிறகு யாரோ பிரித்துப் பார்த்தார்கள்.
உள்ளே சீட்டுகள்.
மூச்சு முட்டும் இதயத்தசை
பக்கத்துத் தசைக்கும், தொலைவில் எலும்பு மஜ்ஜைக்கும்
எழுதிவிட்ட துண்டு ஆர்.என்.ஏக்கள்.
ஈசிஜி வாயே திறக்காத நாளிலும்
ரத்தத்தில் சீட்டு போய்க்கொண்டிருக்கலாம்.
அந்த 'லாம்'தான் என் சம்பளம்.

நாற்பத்தேழு: இசக்கிமுத்து, வயது ஐம்பத்திரண்டு,
தாதர் பார்சல் ஆபீஸில் சுமை.
ஒப்புதல் படிவம் மராத்தியில், இந்தியில், ஆங்கிலத்தில்.
நான் வாயால் தமிழில் சொன்னேன்.
பார்சல் மாதிரி என்றதும் கட்டிலில் நிமிர்ந்தார்.
"மேல விலாசம் இருக்குமா?"
இருக்கும். உறையின் மேல் புரதங்கள்,
அதைப் பார்த்துத்தான் போய்ச் சேருகிறது.
"யாரு எழுதுறது?"

பதினோரு வருடமாக இந்த வேலை.
ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை.
தெரியாது என்றேன்.

"எங்ககிட்ட விலாசம் அழிஞ்சா
கொஞ்ச நாள் பாத்துட்டு ஏலம் விட்டுருவாங்க"
என்றபடி கையெழுத்திட்டார்,
மாக்கர் பிடித்துப் பழகிய கை.
'து'வின் வாலைக் கோட்டுக்குக் கீழே இறக்கி
பெயர் முழுவதற்கும் அடியில் ஓட்டி
முடிவில் ஒரு சுழி.

ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தும்போது கேட்டார்:
"இதையே மருந்தாக் குத்த முடியாதா?"
எலிக்குக் குத்தியிருக்கிறோம்.
குருத்தணு வளர்ப்பில் வடித்த பொதிகள்.
தழும்பு சிறுத்தது. மனிதனுக்கு இன்னும்...
"எலிக்கு நல்லாயிருச்சா?"
கொஞ்சம்.
"அப்பச் சரி" என்றார்,
அந்த எலிக்காகச் சந்தோஷப்பட்டதுபோல.

மூன்றாம் மாத ரத்தத்துக்கு வரவில்லை.
போன் அணைந்தே கிடந்தது.
படிவத்தில் இருந்த சால் இடிபட்டு
சுற்றிலும் நீலத் தகரம்.
மைனஸ் எண்பதில், மேல் தட்டில்,
அவர் இதயம் எழுதியது மூன்று குழாயாக உறைந்திருக்கிறது.
நான்காவதை வாசித்தாயிற்று.
ஒரு சீட்டு மட்டும் இருக்க வேண்டியதைவிட ஆறு மடங்கு.
ஆராய்ச்சியில் கண்டதை
நோயாளியிடம் சொல்லக்கூடாது என்பது விதி.
சுமை தூக்காதீங்க என்று சொல்ல
விதி எதற்கு?

சனிக்கிழமை தாதருக்குப் போனேன்.
எந்த முத்து என்றார் குமாஸ்தா,
நாலு பேர் இருக்கிறார்களாம்.
இரண்டு பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள்,
ஒருவர் ஊருக்கு.
இன்னொருவரைப் பற்றி அவர் சொல்லவில்லை,
எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

நெல்லை வண்டிக்காக அடுக்கிய துணிப் பொதிகள்.
சணல் நாற்றம். தராசின் மேல் ஒரு பூனை.
நாலாவது பொதியில் நீல மாக்கரில்
மதுரை.
'து'வின் வால் கீழிறங்கி
சொல் முழுவதற்கும் அடியில் ஓடிச்
சுழித்திருந்தது.
தொட்டேன்.
விரலில் ஒட்டியது.

ஒரே ஒரு மாதிரியை வைத்து
எதையும் முடிவுகட்டக் கூடாது,
எங்களுக்கு முதல் பாடம் அது.

பொதி எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டேன்.

அறுபத்தெட்டு.